குவாங்சோவுக்குப் புதிதா? பேரமும் அன்றாடமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனி ஒன்றுக்குத் துணியும் ஜிப்பும் பொத்தானும் பார்த்து வாங்குவதற்காகத் தென்சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு வந்தேன். இது ஏழாவது வருடம். வேலைக்கோ படிப்புக்கோ ஊரிலிருந்து புதிதாக வந்திறங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பணத்தை யுவான் என்று எழுதுகிறேன். கடையில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள், ‘குவாய்’ என்பார்கள்.

இங்கே எல்லாக் கடையிலும் பேரம் பேசலாமா?

கூடாது. புதியவர்கள் முதலில் சறுக்குவது இதில்தான். சூப்பர் மார்க்கெட், மால், மருந்துக்கடை, தெருமுனைப் பெட்டிக்கடை, சாப்பாட்டுக்கடை எதிலும் பேரம் கிடையாது. நான் வந்த இரண்டாவது வாரம் ஒரு நூடுல்ஸ் கடையில், சுவரில் 12 என்று போட்டிருந்த கிண்ணத்துக்குப் பத்துதான் தருவேன் என்று சைகை காட்டினேன். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எனக்கு எண் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, விலைப்பலகையைத் துணியால் துடைத்துக் காட்டினார். அந்த நூடுல்ஸ் தொண்டையில் இறங்கவில்லை.

பேரம் நடக்கும் இடங்கள் வேறு. துணி, பை, செருப்பு மொத்தக் கடைகள், யீத சாலையின் பொம்மைக் கடைகள், ஹுவாலின் பக்கத்து ஜேடு கல் சந்தை, பழைய சாமான்கள், போன் ரிப்பேர், அப்புறம் வீட்டு வாடகை. காய்கறிச் சந்தை இரண்டும் கெட்டான். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சீனம் ஒரு வார்த்தை தெரியாது. எப்படிப் பேசுவது?

கால்குலேட்டர் பேசும். கடைக்காரர் ஒரு எண்ணைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார், நீங்கள் அதை அழித்து உங்கள் எண்ணைத் தட்டித் திருப்புவீர்கள். இப்போது போனிலேயே நடக்கிறது. ஆனாலும் மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள். ‘துவோ ஷாவ் சியென்’ என்றால் எவ்வளவு. ‘தாய் குய் ல’ என்றால் ரொம்ப அதிகம். ‘பியென்யி தியென்’ என்றால் கொஞ்சம் குறைங்க. பேரம் பேசுவதற்கே ‘கான் ஜியா’ என்று பெயர், விலையை வெட்டுவது என்று பொருள். நாம் அடித்துப் பேசுகிறோம், இவர்கள் வெட்டுகிறார்கள்.

கூப்பிடும் முறையும் முக்கியம். முதலாளியை ‘லாவ்பான்’ என்று கூப்பிடலாம். ஆனால் குவாங்சோவுக்கே உரிய விளி ‘லெங் ஜாய்’, அதாவது அழகுப் பையா. பெண்ணென்றால் ‘லெங் நொய்’. இருபது வயது, அறுபது வயது என்ற பேதமெல்லாம் கிடையாது. தலை வழுக்கையான என்னையும் தினம் நாலு பேர் லெங் ஜாய் என்கிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பூரித்தேன், பிறகு தெளிந்துவிட்டது: நம் ஊர்க் கடைத்தெருவில் ‘வாங்கண்ணா, வாங்கக்கா’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

எண்களை மட்டும் கற்றுக்கொண்டால் போதுமா?

பேரத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். ஆனால் சொல்லக் கற்பது சுலபம், காதில் விழுந்ததைப் பிரிப்பதுதான் கஷ்டம். நாலு ‘ஸி’, பத்து ‘ஷி’. வடக்கே இரண்டும் தெளிவாகத் தனித்தனி. தெற்கே பலர் இரண்டையும் ‘ஸி’ என்றே சொல்வார்கள், ராகம்தான் மாறும். ஜூன் மாத லிச்சிப் பழக் காலத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரம்மா விலை சொன்னார். ஒரு ஜின் (அரை கிலோ) நாலு குவாய் என்று காதில் விழுந்தது, ஆகா என்று மூன்று ஜின் அள்ளிவிட்டேன். பன்னிரண்டு கட்டினால் அவர் கையை ஆட்டுகிறார். கடைசியில் இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார். சீனத்தில் பத்து என்பதை எழுதும் எழுத்தே அந்தக் குறுக்குக்கோடுதான். முப்பது கொடுத்து வாங்கி வந்தேன். பழம் நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே விரல் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்முடையதுதான். ஆறு என்றால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி, மற்றவை மடக்கி. எட்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், துப்பாக்கி மாதிரி. அதை இரண்டு என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. ஒன்பதுக்கு ஆள்காட்டி விரலைக் கொக்கி போல வளைப்பார்கள்.

இன்னொரு குழி. ‘யி பாய் அர்’ என்றால் வார்த்தைக்கு வார்த்தை ‘ஒரு நூறு இரண்டு’. 102 என்று நினைப்பீர்கள். இல்லை, 120. கடைசி எண் அடுத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். 102 சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘லிங்’ என்று பூஜ்யத்தைச் சொல்வார்கள். இதே கணக்கில் ‘ஆயிரம் எட்டு’ 1,800.

250 யுவான் மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். ‘அர் பாய் வு’ என்பது ‘அரைகுறை’ என்று திட்டுவது. அந்த எண்ணில் பேரம் வந்து நின்றால், கடைக்காரரே சிரித்துக்கொண்டு பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடுவார்.

சொல்லும் விலையில் பாதிக்குக் கேட்க வேண்டுமாமே?

அந்தப் பாதிக் கணக்கை யார் கிளப்பிவிட்டார்களோ, தெரியாது. சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடத்தில் பாதியும் அதிகம். மொத்தக் கடையில் பாதி கேட்டால் உங்களைப் பார்க்கவே மாட்டார். பொருளுக்குப் பொருள் வேறு. விகிதத்தை விட்டுவிட்டு விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன்.

முதலாவது, தாவ்பாவ். சீனாவின் பெரிய இணையக் கடை அது. பொருளைப் படம் பிடித்தால் அதே மாதிரிப் பொருள்களை விலையோடு காட்டும். கடைக்குள்ளே நின்று அதைச் செய்யாதீர்கள். தெருவுக்கு வந்து பாருங்கள்.

இரண்டாவது, வரிசையாக மூன்று கடை. முதல் கடையில் வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு குறைந்தாலும்.

மூன்றாவதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாக அகப்பட்டது. கடைக்குக் கடை, பணம் வாங்கும் க்யூஆர் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும். வாடிக்கையாளர் போனில் பணம் செலுத்திய நொடியே பெட்டி உரக்கச் சொல்லும்: ‘வந்துவிட்டது, எழுபத்தைந்து யுவான்’. பணம் வந்ததா இல்லையா என்று கடைக்காரர் போனை எடுத்துப் பார்க்க வேண்டாம் என்பதற்காக வைத்தது. நமக்கு அதுவே உளவாளி. ஒரு செருப்புக் கடை வாசலில் போனைப் பார்ப்பது போல ஐந்து நிமிடம் நில்லுங்கள். உள்ளே போனவர் என்ன கையில் பிடித்துக்கொண்டு வருகிறார், பெட்டி என்ன சொன்னது. அவ்வளவுதான். என்னிடம் 160 சொன்ன செருப்பு அன்று 75-க்குப் போனதைக் காதாலேயே கேட்டேன். உள்ளே போய் 70 கேட்டேன். 75-க்கு முடிந்தது. இதற்கும் எண் காதில் சரியாக விழ வேண்டும், அதனால்தான் மேலே அவ்வளவு நீட்டினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டால் கூப்பிடுவார்களா?

விலை அவருக்குக் கட்டுப்படியானால் கூப்பிடுவார். பத்தடி போன பிறகும் குரல் வரவில்லை என்றால் நீங்கள் கேட்டது அடிமாட்டு விலை என்று அர்த்தம். அடுத்த கடையில் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். ஆனால் ஒன்று: நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சரி என்று தலையாட்டிய பிறகு வாங்காமல் நழுவுவது இங்கே பெரிய மரியாதைக்குறைவு. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு எண்ணே சொல்லாதீர்கள்.

காலையில் முதல் ஆளாகப் போனால் பலன் உண்டு. நம் ஊரில் போணி என்போமே, அதற்கு இங்கே ‘காய் ஜாங்’ என்று பெயர். ‘இன்னும் காய் ஜாங் ஆகவில்லை’ என்று கடைக்காரர் முனகினால் அது உங்களுக்கு நல்ல சகுனம். முதல் வியாபாரத்தைத் தட்டிக் கழிக்க அவருக்கும் மனசு வராது.

‘9 ஜெ’ என்று போர்டு போட்டிருக்கிறது. தொண்ணூறு சதவீதத் தள்ளுபடியா?

ஐயோ, இல்லை. இங்கே எவ்வளவு கழிவு என்று போட மாட்டார்கள், எவ்வளவு கட்ட வேண்டும் என்று போடுவார்கள். ‘9 ஜெ’ என்றால் பத்தில் ஒன்பது பங்கு கட்டு, அதாவது 10% தள்ளுபடி. ‘8.5 ஜெ’ என்றால் 15%. எண் சின்னதாக ஆக ஆகத்தான் லாபம். என் அறைத்தோழர் ஒருவர் இப்படித்தான் ஒரு மாலில் ஆறு சட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டு பில் கவுண்டர் வரை போனார். ஐந்து சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தார்.

காய்கறிச் சந்தையில் நடைமுறை என்ன?

அட்டையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு அல்ல, ஒரு ‘ஜின்’னுக்கு. ஒரு ஜின் 500 கிராம். கிலோ வேண்டுமானால் ‘கோங் ஜின்’ என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் முதல் மாதம் முழுக்கக் காய்கறி மலிவு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உடல் எடையையும் ஜின்னில்தான் சொல்வார்கள், யாராவது தான் 140 என்றால் பதற வேண்டாம்.

அட்டை விலையில் கை வைக்காதீர்கள். மூன்று குவாய்க் கீரையில் ஐம்பது காசு குறைப்பதால் உங்கள் பெயர்தான் கெடும். இங்கே பேரத்துக்குப் பதில் இரண்டு உண்டு. ஒன்று ‘மோ லிங்’, சில்லறையைத் துடைத்துவிடுவது. 18.40 வந்தால் 18 என்று அவரே சொல்வார், சொல்லாவிட்டால் நீங்கள் ‘மோ லிங்’ என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். இன்னொன்று வெங்காயத்தாள். நம் ஊரில் காய் வாங்கினால் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறாகப் போடுவார்களே, இங்கே இரண்டு மூன்று வெங்காயத்தாள்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் ஓர் அம்மா, எந்நேரமும் ரப்பர் பூட்ஸும் பூப்போட்ட கையுறையும். முதல் மூன்று வாரம் எனக்கு மட்டும் வெங்காயத்தாள் விழவில்லை. எனக்கு முன்னால் நிற்பவருக்கு விழும், பின்னால் நிற்பவருக்கும் விழும். நான் கேட்கவும் இல்லை, கடையை மாற்றவும் இல்லை. ஒரு நாள் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்படி ஒடிக்காதே என்று கையைத் தட்டிவிட்டு, பிஞ்சுகளாக அவரே பொறுக்கிப் போட்டார். மேலே நாலு வெங்காயத்தாள். இப்போது ஒடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நம் காய்கறிகள் கிடைக்குமா?

தெற்கு என்பதால் நிறையவே கிடைக்கும். வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கன், சேப்பங்கிழங்கு, தேங்காய், இஞ்சி எல்லாம் சந்தையிலேயே உண்டு. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் எளிதில் அகப்படாது, இந்திய மளிகை விற்பவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். சியாவ்பெய் பக்கம் ஆப்பிரிக்க, அரபு வியாபாரிகள் புழங்குவதால் மசாலாச் சாமான்களும் ஹலால் கறியும் கிடைக்கும்.

பெயர்களில் ஒரு வேடிக்கை. கண்டனீஸ் என்ற இந்த ஊர்ப் பேச்சில் பாகற்காயைக் ‘கசப்புக்காய்’ என்று சொல்லாமல் ‘குளிர்காய்’ என்பார்கள். பீர்க்கங்காயின் பெயர் ‘தோல்வி’ என்பதுபோல ஒலிக்கிறது என்று ‘வெற்றிக்காய்’ ஆக்கிவிட்டார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது உடனே பிடிபட்டது. பள்ளிக்கூட இலக்கணத்தில் மங்கலம் என்று படித்தோமே, அதேதான்.

சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டுக் கொண்டுவருவார்கள். பன்றிக் கொழுப்பும் சிப்பிச் சாறும் கண்ணுக்குத் தெரியாது. ‘வோ சி சு’, நான் சைவம், என்று சொல்லுங்கள். புத்த சமயத்தார் சைவம் இருக்கும் பழக்கம் இருப்பதால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவக் கடைகளில் கூட்டம் நெரியும். தினப்படிக்கு வீட்டில் ஒரு குக்கரும் அடுப்பும்தான் வழி.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் சூடான தேநீரை ஊற்றிக் கிண்ணத்தைக் கழுவுவார்கள், கழுவிய தேநீரைக் குடித்துவிடாதீர்கள். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று தேநீருக்குச் சேர்த்திருப்பார்கள், அது ஏமாற்று அல்ல, வழக்கம். டிப்ஸ் வைக்கும் பழக்கம் கிடையாது.

பணமாகக் கொடுத்தால் வாங்குவார்களா?

சட்டப்படி மறுக்கக் கூடாது. ஆனால் சில்லறை தேடிப் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும், முகம் சுளிப்பார்கள். போனில் பணம் செலுத்த அலிபே, வீசாட் (இதில் அரட்டையும் அடிக்கலாம்) என்று இரண்டு செயலிகள், இரண்டிலும் வெளிநாட்டு விசா கார்டு, மாஸ்டர் கார்டை இணைக்க முடியும். இணைக்கும்போது வங்கிச் செய்தி வரும் இந்திய எண் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கார்டில் ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை, தாண்டினால் 3% பிடிப்பார்கள். அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசிக் குறைத்தது அதில் போய்விடும். 450 யுவான் என்றால் மூன்று தடவையாகச் செலுத்தலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். பெட்டி மூன்று தடவை கத்தும், அவ்வளவுதான். வசிப்பு அனுமதி வந்ததும் உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்து அதை இணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மொத்தச் சந்தையில் ஒன்றிரண்டு மட்டும் வாங்க முடியுமா?

சில கடையில் முடியும், பல கடையில் முடியாது. ‘எவ்வளவு’ என்று கேட்டாலே நீங்கள் சில்லறை ஆள் என்று தெரிந்துவிடும். வியாபாரிகள் ‘எப்படி எடுப்பது’ என்றுதான் கேட்பார்கள், ‘ஸென்மெ நா’. சரக்கு எடுப்பதற்கு ‘நா ஹுவோ’ என்று பெயர். தமிழ் இலக்கணக்காரர்கள் இதைக் குழூஉக்குறி என்பார்கள். சொல்லிப் பாருங்கள், விலையே மாறும். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும், எத்தனை உருப்படி என்று. அங்கே திணறினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஷிசான்ஹாங் பக்கத்துத் துணிக் கட்டடங்கள் விடியற்காலையிலேயே திறந்து மதியத்தோடு ஓய்ந்துவிடும். பதினொரு மணிக்குக் குளித்துவிட்டுக் கிளம்பிப் போனால் பார்சல் கட்டுகிற நாடாச் சத்தம்தான் கேட்கும். ஷிசான்ஹாங் என்றால் பதின்மூன்று வணிகக் கூடங்கள். 1757-லிருந்து 1842 வரை மேலை நாட்டார் சீனாவுடன் கடல் வணிகம் செய்ய இந்த ஓர் ஊருக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. அந்தக் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொழி தெரியாதவனோடு விலை பேசுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

நம்மவர்களும் அப்படி ஒன்றும் புதிது இல்லை. பக்கத்து மாகாணமான ஃபூஜியனில், சுவான்சோ துறைமுகத்தில் சக ஆண்டு 1203 சித்திரை மாதம், அதாவது 1281-ல், சிவன் கோயில் ஒன்றுக்காகப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. கோயில் கட்டும் அளவுக்கு அங்கே நிலைத்திருந்த அவர்களும் முதல் வருடம் யாரிடமாவது ஏமாந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

திருப்பூரிலிருந்து துணி பார்க்க வருகிறோம். தனியாக ஏதாவது?

ஜோங்தா துணிச் சந்தைக்கு வருகிறீர்கள் என்றால் நாலு விஷயம் கேட்காமல் விலையை எழுதிக்கொள்ளாதீர்கள். மாதிரித் துண்டுக்கு ஒரு விலை, மொத்தச் சரக்குக்கு வேறு விலை. எது என்று கேளுங்கள். மீட்டருக்கா, கிலோவுக்கா. வரியோடா, வரி இல்லாமலா. வரி ரசீதுக்கு ‘ஃபாபியாவ்’ என்று பெயர், அது வேண்டும் என்று கடைசியில் சொன்னால் விலை ஏறும், அதுவரை பேசிய பேரமெல்லாம் வீண். நாலாவதுதான் நம்மவர்களைக் கடிப்பது. பின்னல் துணியைக் கிலோ கணக்கில் வாங்கும்போது, ரோல் சுற்றியிருக்கும் அட்டைக் குழாயின் எடையும், அதற்கு மேல் ‘கோங் சா’ என்று கொஞ்சம் எடையும் பில்லில் சேரும். சந்தை வழக்கம் என்பார்கள், வழக்கம்தான். கிலோவுக்கு ஒரு குவாய் குறைத்த சந்தோஷத்தில் இதைக் கேட்க மறந்தால், அந்த ஒரு குவாய் அட்டைக் குழாய்க்குள் போய்விடும். முதல் ஆர்டரில் எனக்குப் போனது. முதலாளி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

வீட்டு வாடகையில் பேரம் உண்டா?

உண்டு, ஆனால் வாடகை எண்ணில் அதிகம் அசைய மாட்டார்கள். இங்கே வழக்கம் இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இது பரம சுகம். பேச வேண்டியதைப் பொருளில் பேசுங்கள். எனக்கு வாடகையில் ஐம்பது குவாய்கூடக் குறையவில்லை. பதிலுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் புதிதாக வந்தது, படுக்கையறை ஏசி மாறியது. ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரமும் கேட்டுப் பாருங்கள். வசந்த காலத்தில் ‘ஹுய் நான் தியென்’ என்று ஒரு பருவம் வரும்: சுவர் வியர்க்கும், தரை நனையும், மூன்று நாள் காய்ந்த பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். தோல் செருப்பில் பூஞ்சை பூத்ததும் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

உள்ளே நுழையும் நாளில் சுவர், குழாய், கட்டில், ஓட்டை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கும் பேரம் அன்றே தொடங்குகிறது.

காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்கிறார்களே, கட்டாயமா?

கட்டாயம். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். வீடு மாறினால் திரும்பவும். தவறினால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். வேலை விசாவில் வந்தவர்கள் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் இந்தப் பதிவுச் சீட்டு தேவை. இங்கே மட்டும் பேரம், சிரிப்பு, லெங் ஜாய் எதுவும் எடுபடாது.

வாட்ஸப் வேலை செய்யாதாமே, வீட்டோடு எப்படிப் பேசுவது?

இங்கே வாட்ஸப் முடக்கம். அம்மாவை வீசாட் போடச் சொல்லலாம் என்றால் அதை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இரண்டு அரசும் சேர்ந்து நம்மைத் தபால் காலத்துக்கு அனுப்பப் பார்க்கின்றன. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்தால் அதன் டேட்டாவில் வாட்ஸப் வழக்கம்போல ஓடும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அப்படி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் சிம் வாங்கப் பாஸ்போர்ட் கட்டாயம்.

இணையத்தில் வாங்கினால் பேரம் முடிந்துபோச்சா?

தாவ்பாவில் விற்பவரோடு உரையாடலாம். சில சமயம் ஒரு கூப்பன் தருவார், அவ்வளவுதான். பெரும்பாலான பொருளை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். பேரம் முழு வீச்சில் இருப்பது பழைய சாமான் விற்கும் சியென்யூ செயலியில். ‘சின்னக் கத்தி சம்மதம்’ என்று விற்பவர் எழுதியிருப்பார். கொஞ்சம் வெட்டலாம் என்று பொருள். ‘டிராகனைக் கொல்லும் வாளோடு வராதீர்கள்’ என்றும் எழுதியிருக்கும். என் சைக்கிள், புத்தக அலமாரி, இஸ்திரிப் பெட்டி மூன்றும் சின்னக் கத்தியில் வந்தவை.

எந்த மாதத்தில் வரக் கூடாது?

வியாபாரத்துக்கு என்றால் சீனப் புத்தாண்டை ஒட்டி வராதீர்கள். ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரும், ஒவ்வொரு வருடமும் தேதி மாறும். வேலை பார்ப்பவர்கள் பலரும் வெளியூர்க்காரர்கள். தீபாவளிக்குத் திருப்பூர் காலியாவது போல இந்த ஊர் காலியாகும், நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில். அதற்கு முந்தைய பத்து நாளில் சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்; பேரத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 1957-லிருந்து நடக்கும் கேன்டன் (குவாங்சோவின் பழைய பெயர்) வணிகக் கண்காட்சி நாட்களில் நேர் எதிர்: ஓட்டல் வாடகை எகிறும், கடைக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

புத்தாண்டுக்கு இங்கேயே தங்குகிறவர்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வெங்காயத்தாள் அம்மாவும் ஊருக்குப் போய்விடுவார், முதல் மாதம் பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்துதான் வருவார். அதுவரை சூப்பர் மார்க்கெட்தான். வெங்காயத்தாளைக் கட்டுப்போட்டு, விலை ஒட்டி வைத்திருப்பார்கள்.